வட்டத்துக்குள் வராத முகம்

"முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும்" என்றது போன். வட்டம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பக்கமும் ஆட்கள் இடித்துக்கொண்டு போக, நான் கையை நீட்டியபடி நின்றேன். வாட்ச்மேன் அண்ணன் வந்து என் முழங்கையைக் கொஞ்சம் தூக்கிவிட்டார்.

"இப்ப பாதி உள்ள வந்துட்டீங்கம்மா. மீதி வெளியவே நிக்குது."

மீதியையும் உள்ளே கொண்டுபோனேன். "கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவும்" என்றது. கழற்றினேன். மூடியே இருக்கும் என் இமைகள் மேல் வெயில் பட்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முகம் பொருந்தவில்லை" என்றது.

வருகையை இந்த ஆப்பில்தான் பதிய வேண்டும் என்று சொன்னதிலிருந்து, ஒரு வாரமாக இதே கதைதான். வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் என்னைப் படம் எடுத்தபோது நான் கண்ணாடி போட்டிருந்தேன். ஆப்புக்குள் இருப்பது அந்தப் படம். போட்டுக்கொண்டு நின்றால் கழற்று என்கிறது, கழற்றினால் நீ யார் என்கிறது.

உள்ளே என் மேசைக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. என் கம்ப்யூட்டர் திரையில் உள்ளதை எனக்குப் படித்துக் காட்டும் வேகத்தைக் கேட்டால் மற்றவர்களுக்குக் குருவிச் சண்டை மாதிரி இருக்குமாம். எனக்கு ஒரு சொல்கூடத் தப்பாது. எஃப் எழுத்திலும் ஜே எழுத்திலும் ஆள்காட்டி விரலுக்கென்று ஒரு சின்ன மேடு இருக்கிறது. அதைத் தொட்டதும் மற்ற எழுத்துகளெல்லாம் அவையவை இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். போனிலோ ஒரே வழவழப்பு. விரலை எங்கே வைத்தாலும் "பட்டன்" என்கிறது. என்ன பட்டன் என்று கேட்டால், மறுபடியும் "பட்டன்."

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். தற்காலிக வேலைக்காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. ஆப்பின்படி இந்த வாரம் முழுக்க நான் வரவே இல்லை. கம்ப்யூட்டரில் நான் உள்ளே வந்த நேரம் தினமும் பதிவாகியிருக்கிறதே என்றேன்.

"நீங்க வேலை பாத்தீங்கன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா ஆப்ல நீங்க வரலையே" என்றார்.

படத்தை மாற்றுங்கள் என்றேன். மாற்றலாம், ஆனால் அன்றைக்கு வருகை பதிந்திருந்தால்தான் அந்தப் பகுதியே திறக்குமாம். வீட்டிலிருந்தாவது இன்று ஒருமுறை பதிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேலையை நிரந்தரமாக்க நாளைக்கு உங்கள் பெயர் மேலே போகாது என்றார். கெட்ட மனிதர் இல்லை. நான் எழுந்தபோது ஆறுதலாக ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்.

"போன்தானேம்மா. சின்னக் குழந்தைங்ககூட யூஸ் பண்ணுது."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அவருக்கும் பார்வை கிடையாது. இன்சூரன்ஸ் ஏஜெண்ட், வாய் ஓயாது. போனா கம்ப்யூட்டரா என்பதுதான் எங்கள் வீட்டில் தீராத சண்டை. மாத்திரை அட்டையைப் படிப்பது, தெருப்பெயர் சொல்வது, அறையில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவருக்குப் போன்தான். உன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்று எந்த பஸ் வருகிறது என்று கேட்க முடியுமா என்பார். அரைப்பக்கக் கடிதம் ஒன்றை அவர் அந்தக் கண்ணாடித் திரைமேல் விரல் தேய்த்து முடிப்பதற்குள் நான் பத்துப் பக்கம் முடித்திருப்பேன் என்பேன் நான்.

"உன் கம்ப்யூட்டர் மாமியார் மாதிரி. உக்காந்த எடத்த விட்டு அசையாது."

"உங்க போன் மச்சினன் மாதிரி. ஊரெல்லாம் ஓடும், ஒரு வேல முடியாது."

"குடு இங்க. உனக்குப் பிடிக்கத் தெரியல" என்று வாங்கிக்கொண்டார். போனை முதலில் என் மூக்கில் வைத்து, அங்கிருந்து நேராகப் பின்னுக்கு இழுத்தார். உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம், ஒரே முயற்சியில் வட்டத்துக்குள் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பழைய கதை. கண்ணாடியோடு, கண்ணாடி இல்லாமல், கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்டு. இமைகளை விரலால் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தேன். "கையை அகற்றவும்" என்றது. அவர் எட்டிக் குனிந்தபோது, "ஒருவர் மட்டும் நிற்கவும்."

என் கன்னம் நனைந்திருந்ததை அவர் விரல் கண்டுபிடித்தது. பிறகு போனை மேசைமேல் மல்லாக்க வைக்கும் சத்தம் கேட்டது.

"உன் மாமியாரக் கூப்பிடு" என்றார். "பெரிய டாக்டருக்கே எழுதுவோம். நான் சொல்றேன், நீ அடி."

மடிக்கணினியைத் திறந்தேன். விரல்கள் மேடுகளைத் தேடிப் போய் உட்கார்ந்தன. அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று அடித்து முடித்திருப்பேன். வட்டக் கூரைவிளக்கை மட்டும் பார்த்துக் கிடந்த போன் தன்பாட்டுக்குப் பேசியது.

"முகம் பொருந்தியது. பதிவாகிறது, அசையாமல் இருக்கவும்."

அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அசையாமல் இருந்தோம், இருவரும்.