மூன்றாம் வருஷத்து ரதி

என்னைக் கோபக்காரன் என்று நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமெல்லாம் சொல்லும். சொல்லட்டும். காமன் கூத்து வாத்தியார் கோபக்காரனாக இல்லாவிட்டால் ஒரு பயல் காலை ஒழுங்காக எடுத்து வைப்பானா? ஆனால் ஒரு மனிதரை நினைத்தால் மட்டும் என் கோபம் எங்கோ ஓடிவிடும். அவர் இந்த நாட்டுக்கே பிரதம மந்திரியாக இருந்தவர். எங்கள் தோட்டத்தில் சீலை கட்டி ரதியாக ஆடியவர். சிரிக்காதீர்கள், முழுக்கக் கேளுங்கள்.

எனக்கும் நாகலெட்சுமிக்கும் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டையும் தேயிலைக்கடியில்தான் புதைத்தோம். அவள் காமன் பொட்டலில் போய் விழுந்து, ஒரு பிள்ளையாவது தங்கட்டும், மூன்று வருஷம் எங்கள் வீட்டிலிருந்து ரதி ஆடவைக்கிறோம் என்று நேர்ந்துகொண்டாள். மாசி மாதத்தில் மன்மதனைச் சிவன் எரிப்பதும், ரதி விழுந்து புரண்டு அழுவதும், மூன்றாம் நாள் மன்மதன் எழுந்து வருவதும்தான் எங்கள் கூத்து. நேர்த்திக்காகக் காப்புக் கட்டிய ஆளே மூன்று வருஷமும் ஆட வேண்டும். ஆளை மாற்றினால் வேண்டுதல் பலிக்காது. ரதி வேஷத்துக்கு என் மச்சான் அழகனைப் பேசி வைத்திருந்தேன். அவனும் வாரக்கணக்கில் இடுப்பை ஆட்டிப் பழகிக்கொண்டிருந்தான்.

காப்புக் கட்டும் அன்று சாயங்காலம் நோர்வூட் கடைக்கார ஹமீத் நானாவின் லொறி எங்கள் வரிசை வீடான லயத்துக்குக் கீழே வந்து நின்றது. அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு நெட்டை மனிதர் இறங்கினார். கொழும்பில் சிங்களப் பத்திரிகை நடத்தும் வெலிகல. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி எங்கள் ஓட்டைப் பறித்த அரசாங்கத்தைக் கிழிகிழி என்று கிழித்து எழுதியவர். அவர் எழுதுவதையெல்லாம் நானா கடையில் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இப்போது அவரைப் பிடித்து உள்ளே போடப் பொலிஸ் அலைந்தது.

"பழனியாண்டி, ரெண்டு நாளைக்கு வச்சுக்கங்க. நம்மளுக்காக எழுதின மனுசன்," என்றார் நானா.

ரெண்டு நாளா! நானாவின் லொறி திரும்புவதற்குள் பொலிஸ் ஜீப் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாப் பக்கம் ஏறுகிறது என்று ஆள் ஓடிவந்தது. என்ன செய்வேன்? அவரை அடுப்படியில் உட்காரவைத்து மீசையை வழித்தேன். அழகனுக்கு வைத்திருந்த சீலையைச் சுற்றினேன். முகத்தில் அரிதாரத்தை அப்பினேன். ரவிக்கைதான் பத்தவில்லை, மேலே ஒரு துண்டைப் போட்டு மறைத்தேன்.

பொலிஸ்காரர்கள் பொட்டலுக்கு வந்தபோது தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. ரதி வந்து நிற்கிறாள். பூசாரி செல்லசாமி மஞ்சள் கயிற்றை என்னிடம் நீட்டுகிறார். கட்டாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். வெலிகல ஐயாவின் கையைப் பிடித்துக் கட்டிவிட்டேன்.

கட்டிய பிறகுதான் நாகலெட்சுமியின் முகம் என் கண்ணில் பட்டது. ஐயோ! அவளுடைய வேண்டுதலை அல்லவா அந்தக் கையில் கட்டிவிட்டேன்.

"அட பாவி மனுசா! எம் புள்ள நேர்த்தியக் கொண்டுபோயி, நாளைக்கு ஓடிப்போற ஆளு கையில கட்டிட்டியே! இனி மூணு வருசம் அவர எங்க தேடுவ?" என்று வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடி பிடியென்று பிடித்தாள்.

மறுநாள் வழக்கம்போல் துரை பங்களாவில் ஆடப் போனோம். துரைக்குப் பக்கத்தில் இன்ஸ்பெக்டரே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கிறார். வெலிகல ஐயாவுக்கு ஒப்பாரிப் பாட்டும் தெரியாது, ஆட்டமும் வராது. "சும்மா அழுங்க ஐயா, அது போதும்," என்று சொல்லி வைத்திருந்தேன். மனிதர் அழுதார் பாருங்கள்! புல்லில் விழுந்து, மார்பில் அடித்து, துரைசானி கைக்குட்டையை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அழுதார். இன்ஸ்பெக்டர் மட்டும், "ரதி கொஞ்சம் உயரம்," என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காப்புக் கட்டியவர் தோட்டத்து எல்லை தாண்டக் கூடாது என்பதால் மன்மதன் எழும் வரைக்கும் எங்கள் லயத்தில்தான் இருந்தார். அதற்குள் பொலிஸ் தேடிச் சலித்துப் போய்விட்டது. கிளம்புகிற அன்று நாகலெட்சுமி மூலையில் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்து, ஏன் என்று கேட்டார். அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அரைகுறை. இரண்டையும் போட்டுக் குழப்பி விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வாறது. இன்னும் ரெண்டு வருசம். கட்டாயம் வாறது," என்று அவளிடம் சொன்னார்.

அந்த மார்கழியிலேயே எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். சண்முகவடிவு என்று பெயர் வைத்தோம். அடுத்த மாசிக்கு வெலிகல ஐயா தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்போது அவர் மேலிருந்த வழக்கெல்லாம் போய், எதிர்க்கட்சிக்குப் பெரிய தலைவராகியிருந்தார். பூசாரி, கடைசி நாளுக்கு வந்து காப்புக் கட்டிக்கொண்டாலும் போதும் என்று விட்டுக்கொடுத்திருந்தார். ஐயா ஆடினார், கைக்குழந்தையைப் பார்த்துச் சிரித்தார், போனார்.

பிறகுதான் எலெக்‌ஷன் வந்தது. ஓட்டில்லாத எங்களுக்கு அதில் என்ன வேலை? ஆனாலும் நானா கடை ரேடியோவைச் சுற்றித் தோட்டமே நின்றது. வெலிகல ஐயா கட்சி ஜெயித்து, அவரே பிரதம மந்திரி என்றதும் நான் தப்பை எடுத்து அடித்த அடியில் தோல் கிழிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நாகலெட்சுமி பிள்ளையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னடி, நம்ம ஐயா ஜெயிச்சிருக்காரு!"

"ஜெயிச்சிட்டாரு. இனி சீலை கட்டுவாராக்கும்?"

எனக்குச் சுரீர் என்றது. அதற்கப்புறம் தோட்டத்தில் ஆளாளுக்கு இதே பேச்சு. "பிரதம மந்திரி நம்ம பொட்டல்ல வந்து ஒப்பாரி வைப்பாரு, இவரு வாத்தியாரு தாளம் போடுவாரு," என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலேயே கேலி. இரண்டு பேரோடு கைகலப்பே ஆகிவிட்டது. நாகலெட்சுமி மட்டும் கேலி செய்யவில்லை. நடக்கப் பழகிய பிள்ளையைக் கீழே விடாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

மன்மதன் எழுகிற நாள் வந்தது. பொழுது உச்சியைத் தாண்டியும் ஐயா வரவில்லை. பூசாரி செல்லசாமி என் தோளைத் தொட்டார்.

"பழனியாண்டி, அழகனுக்குச் சீலையக் கட்டு. சாமி மன்னிக்கும்."

"மாத்தாதீங்க சாமி!" என்று நாகலெட்சுமி கத்தினாள். "எம் புள்ளைய மண்ணுல வைக்க இன்னொரு தடவ எனக்குத் தெம்பு இல்ல!"

அப்போதுதான் மேலே ரோட்டில் கார்கள் வருகிற சத்தம் கேட்டது. முதல் காரில் ஐயா. துரை, தொழிற்சாலை பார்க்கத்தான் பிரதம மந்திரி வருகிறார் என்று நினைத்து, மேசை விரித்து, பூ வைத்து, தேத்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாராம். பிரதம மந்திரியோ தொழிற்சாலை வாசலில் இறங்கி, வெள்ளை வேட்டியை மடித்துக்கொண்டு லயத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார். துரை தொப்பியைக் கையில் பிடித்தபடி பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"மன்னிக்கணும் மாஸ்டர். அட்டன்ல மீட்டிங், லேட்டு," என்றார் ஐயா. "சீலை எங்க?"

அழகன் கையில் இருந்த சீலையைப் பிடுங்கி அவருக்குச் சுற்றி, காப்பையும் கட்டினேன். அவரோடு வந்த பெரிய பெரிய ஆட்களுக்கு வாய் மூடவில்லை. துரை எங்கள் பொட்டலில் நின்றதே அன்றுதான் முதல் தடவை. ஐயா ஆடினார், போன இரண்டு வருஷத்தைவிட மோசமாகத்தான் ஆடினார். ஆனால் அழுகை வந்தபோது அது கூத்து அழுகை இல்லை. எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் ரதிகளை அழவைப்பவன் நான்.

மன்மதன் எழுந்து, நான் காப்பை அவிழ்க்கும்போது, நாகலெட்சுமிக்குக் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்.

"உங்க ஓட்டு திரும்பக் குடுக்கணும்னு நான்தான் எழுதினது. இப்ப என் ஆளுங்களே ஒத்துக்கிறது இல்லை. இந்தப் பிள்ளைக்கும் நாடு இல்லை. நான் பிரதம மந்திரி, என்னால முடியல நங்கி."

நங்கி என்றால் தங்கச்சி. அவள் அத்தனை நாளும் தரையில் விடாத பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி, சீலையோடு உட்கார்ந்திருந்த அவர் மடியில் வைத்தாள்.

"ஓட்டு வாறப்ப வரட்டுங்கண்ணே. இவ தங்கிட்டா. நீங்க வந்தீங்கல்ல, எனக்கு அது போதும். நீங்க நல்லா இருக்கணும்."

பிள்ளை அவர் முகத்து அரிதாரத்தைத் தொட்டுத் தன் கன்னத்தில் பூசிக்கொண்டது. நான் எந்தத் துரை காலிலும் விழாதவன், கங்காணி முன்னால்கூடத் தலைப்பாகையை அவிழ்க்காதவன். அத்தனை பேர் பார்க்க அந்த மனிதர் காலில் விழுந்தேன். அவர் என்னைத் தூக்கிவிடப் பார்த்தார், மடியில் பிள்ளை இருந்ததால் முடியவில்லை.