சந்தனப் பொட்டு வைத்த வண்டி

விஜயதசமியன்று காலை எட்டு மணிக்கெல்லாம் உமையாள் பூமிநாதனின் வண்டிக் கொட்டகைக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் ஒரு திருப்புளி, ஒரு சின்ன டார்ச், நனைத்துப் பிழிந்த துணி ஒன்று. இவற்றைத் தவிர அவள் கொண்டுவந்தது இரண்டு வருஷத்து வயிற்றெரிச்சல். அதற்குப் பை எதுவும் தேவைப்படவில்லை.

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது அந்தக் கொட்டகை. பழைய மோட்டார் சைக்கிள் மட்டும்தான் வியாபாரம். ஆயுத பூஜைக்கு மறுநாள் வண்டி எடுத்தால் விளங்கும் என்று கிராமத்து சனம் அன்றைக்குத்தான் குடும்பத்தோடு வரும். பூமிநாதனும் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாப்பிள்ளை மாதிரி ஜோடித்து வைத்திருப்பான். அவனும் வெள்ளைச் சட்டை போட்டு நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பான். பார்க்கிறவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். உமையாளுக்குக் காறித் துப்பத் தோன்றியது. துப்பினால் வந்த காரியம் கெட்டுப்போகும் என்று விழுங்கிக்கொண்டாள்.

உமையாளுக்கு ஊர் உத்தரகோசமங்கைக்குப் பக்கம். மிளகாய் விவசாயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே விஜயதசமியன்று அவளும் புருஷன் சோணைமுத்துவும் இதே கொட்டகைக்கு வண்டி வாங்க வந்தார்கள். சோணைமுத்துவும் பார்க்காமல் வாங்கவில்லை, பாவம். தனக்குத் தெரிந்ததையெல்லாம் பார்த்தான். ஸ்டார்ட் செய்து சைலன்சர் பக்கம் காதை வைத்துக் கேட்டான், டயரை அமுக்கினான், ஒரு ரவுண்டு போனான், கண்ணாடியைத் திருப்பித் தலைகூட வாரிக்கொண்டான். உமையாள் கண்ணுக்குத்தான் வேறொன்று பட்டது. சீட்டுக்கு அடியில், வண்டியைத் தாங்குகிற பின்பக்கத்து சேசிஸ் குழாயில், வடை அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு.

“இங்கன எதுக்குப் பொட்டு? யாரு குனிஞ்சு பாக்கப் போறா?” என்று விரலால் சுரண்டப் போனாள்.

சோணைமுத்து அவள் கையைத் தட்டிவிட்டான். “ஏய், சாமி காரியம். நம்ம ஊரு நடராசருக்கே வருசத்துல ஒரு நாளுதான் சந்தனம் களையுறாக. நீ யாரு களையுறதுக்கு?”

உமையாளும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கையை எடுத்துவிட்டாள். உத்தரகோசமங்கையில் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருக்கிற சாமியைப் பார்த்தே வளர்ந்த சனம் அது. பூசின சந்தனத்தைத் துடைக்கிற கை அந்தப் பக்கத்து ஊர்களில் யாருக்கும் கிடையாது. பூமிநாதன் கடை போட்டிருந்ததே அந்த நம்பிக்கையின் மேல்தான். அது அவளுக்கு அப்போது தெரியாது.

மழையில் சந்தனம் கரைந்தபோது அடியில் பெயிண்ட் புதுசாக மின்னியது. அதையும் நல்லதென்றே நினைத்தார்கள். தை பிறந்து, இரண்டு மூட்டை வத்தலைப் பின்னால் கட்டிக்கொண்டு சோணைமுத்து சந்தைக்குப் போன அன்று, ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கினான். வண்டி சீட்டுக்கு அடியில் இரண்டாக மடங்கியது. வலது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ரோட்டில் கிடந்த வண்டியை உமையாள் போய்ப் பார்த்தாள். முறிந்த குழாய்க்குள்ளிருந்து துரு அவல் மாதிரிக் கொட்டிக்கிடந்தது. அதன் நடுவே, வெள்ளியாய், ஒரு மீன் செதில். அவர்கள் வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டியில் மீன் ஏறியதே இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பூமிநாதன் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். ‘உள்ளது உள்ளபடி பார்த்து, திருப்தியடைந்து வாங்கிக்கொண்டேன்’ என்று அச்சடித்த வரிக்குக் கீழே சோணைமுத்துவின் கையெழுத்து. நீட்டியதோடு விட்டானா? உமையாளைப் பார்த்துப் புத்தி வேறு சொன்னான்.

“பழைய வண்டின்னா நல்லாப் பாத்து வாங்கணும்த்தா. கண்ணு இருந்துச்சுல்ல? பாக்காம வாங்கிட்டு எங்கிட்ட வந்து அழுதா நான் என்ன செய்ய?”

உமையாள் அழவில்லை. “பாக்குறேன்” என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

முறிந்த குழாய்த் துண்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழக்கரையில் மெக்கானிக் கடை வைத்திருந்த ரிஃபாயிடம் போனாள். ரிஃபாய் வளைகுடாவில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். துண்டை வாங்கி மோந்து பார்த்தான்.

“இது மீன் வண்டிக்கா. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் பெட்டி ஏத்துனது. ஐஸ் தண்ணி, மீன் தண்ணி, உப்பு பூராம் சீட்டுக்கு அடியிலதான் வடியும். இரும்பு உள்ளுக்குள்ளயே செத்துப்போகும். வெளிய ஓட்டைய அடைச்சு பட்டி பூசி பெயிண்ட் அடிச்சுருவாங்க. கடக்கரைக்காரன் எவனும் இத வாங்க மாட்டான். தூக்கிட்டுப் போயி கடலவிட்டுத் தள்ளி இருக்குற சனத்துத் தலையில கட்டுறது.”

“இத எப்புடித் தம்பி கண்டுபிடிக்கிறது?”

“அல்லாவே, ஒங்களுக்கு எதுக்குக்கா இது?”

“எனக்குத் தெரியணும்.”

அவள் கேட்ட விதத்தைப் பார்த்து ரிஃபாய் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். அதற்குப்பின் கீழக்கரைக்கு வத்தல் போடப் போகும்போதெல்லாம் அவன் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவாள். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும், நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது, பல்சக்கரத்தின் பல் கூராகியிருந்தால் வண்டி சொன்னதைவிட இரண்டு மடங்கு ஓடியிருக்கிறது, டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் எடுக்கக் கூடாது, ஆர்.சி. புத்தகத்து நம்பரும் சேசிஸில் கொத்தியிருக்கும் நம்பரும் எழுத்து எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் சீட்டைக் கழற்று, அடியில் பார். மிளகாய்க் காம்பு கிள்ளியபடியே இதையெல்லாம் மனப்பாடம் செய்தாள். ராத்திரியில் சாமி கும்பிடும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பூமிநாதன் கால் முறியணும். அதுவும் வலது கால்.

இன்னொன்றையும் அவள் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். கீழக்கரைக்காரர்கள் வந்தாலும் பாம்பன் தீவுக்காரர்கள் வந்தாலும் சீட்டுக்கு அடியில் சந்தனப் பொட்டு வைத்த வண்டிகளைப் பூமிநாதன் காட்டவே மாட்டானாம். அவர்களுக்கு அது சாமி காரியம் இல்லை, யோசிக்காமல் துடைத்துவிட்டுப் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். என்ன ஒரு மூளை! அதில் பாதியை நல்ல வழியில் செலவழித்திருந்தால் இன்னேரம் புது வண்டி ஷோரூமே வைத்திருப்பான்.

“வாத்தா, யாருக்கு வண்டி?” என்றான் பூமிநாதன் இப்போது. அவளை அடையாளம் தெரியவில்லை. ஒரு மனுஷனின் காலைத் தின்றுவிட்டு, அவன் பெண்டாட்டி முகத்தையும் மறந்திருந்தான்.

“தம்பிக்கு. பாத்துக்கிறேன்” என்றாள் உமையாள்.

முதலில் ஒரு கறுப்பு வண்டிக்கு முன் நின்றாள். எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. “காலங்காத்தால எதுக்குச் சூடேத்தி வச்சிருக்கீக? ஆறட்டும். ஆறுன எஞ்சின் ஒத்த மிதியில கெளம்பணும்.” அது ஆறுகிற வரைக்கும் அவள் சும்மா இருக்கவில்லை. சீட்டைக் கழற்றச் சொன்னாள், செயினைத் தூக்கிப் பார்த்தாள், டேங்குக்குள் டார்ச் அடித்தாள், நம்பரைத் தடவித் தடவி வாசித்தாள். வந்திருந்த சனம் ஒவ்வொருவராக அவள் பின்னால் கூடியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பொம்பளை வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பதை அவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள். கடைசியில் கிக்கரை மிதித்தாள். ஒரே மிதியில் கிளம்பியது.

“நல்ல வண்டி. நம்பி எடுக்கலாம்” என்றாள் சத்தமாக.

பூமிநாதனுக்கு வாயெல்லாம் பல். “பாத்தீகளா? தெரிஞ்சவுகளே சொல்லிட்டாக!” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். உமையாளுக்கு வேண்டியதும் அதுதான். அவள் சொல் செல்லும் என்று அவன் வாயாலேயே வரவேண்டும்.

அந்த வரிசையின் கடைசியில் ஒரு சிவப்பு வண்டி நின்றது. அதன் மேல் ஒரு இளவட்டம் உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி முருகலட்சுமி பின்சீட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். மசக்கை தெளிந்து வயிறு இப்போதுதான் மேடிட்டிருந்தது. இரண்டு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் தயாராக வைத்தாயிற்று. உமையாள் குனிந்தாள். சீட்டுக்கு அடியில், அதே இடத்தில், அதே வடை அகலத்துக்குச் சந்தனம்.

நிமிர்ந்து, “அண்ணே, இந்த வண்டி வெயிட்டு தாங்குமா?” என்று கேட்டாள்.

“என்னாத்தா இப்புடிக் கேட்டுட்ட? யானைய ஏத்துனாலும் தாங்கும்.”

“யானை வேணாம். பக்கத்துத் தீவனக் கடையில ரெண்டு மூட்ட தவுடு வாங்கிப் பின்னாடி கட்டுங்க. அந்தா தெரியுற வேகத்தட மேல ஒருக்கா ஏறி எறங்கி வாங்க. முழுசா வந்தா இந்தப் பிள்ளைக எடுத்துக்கிரட்டும்.”

கூட்டத்தில், “ஆமாமா, நியாயந்தான, ஓட்டிக் காட்டுங்க” என்று குரல்கள் எழுந்தன. இளவட்டம் இறங்கிக்கொள்ள, இரண்டு பேர் ஓடிப்போய்த் தவிட்டு மூட்டைகளைக் கொண்டுவந்து பின்னால் கட்டினார்கள். பூமிநாதன் சிரித்தான். ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றுகொண்டது. கொட்டகைக்கு உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். “ஏலே ரூபஸ்! இங்கன வாலே. இந்தச் செவப்பு வண்டிய ஒரு ரவுண்டு எடுத்துட்டு வா.”

ரூபஸ் தங்கச்சிமடத்துக்காரன். கடற்கரையில் மீன் வண்டிகளைப் பிடித்து வருவதும், வெல்டிங் வைப்பதும், பட்டி பூசிப் பெயிண்ட் அடிப்பதும் அவன்தான். சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பதும் அவன்தான். எது எங்கே இருக்கிறது என்று அவன் கைக்குத் தெரியும். வண்டியைப் பார்த்தான், கட்டியிருந்த மூட்டைகளைப் பார்த்தான், அசையாமல் நின்றான்.

“ஏறுலே!”

“நான் ஏறலண்ணே.”

“ஏன்லே?”

“எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்குண்ணே.”

முருகலட்சுமி புருஷன் சட்டையைப் பிடித்து இழுத்து வண்டியைவிட்டுத் தள்ளி நிறுத்தினாள்.

“அப்ப மொதலாளி நீங்க ஏறுங்க” என்றாள் உமையாள்.

பூமிநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டி, ஹேண்டில்பாரைப் பிடித்து, வலது காலைத் தூக்கி சீட்டுக்கு மேலே கொண்டுபோனான். ஏறு, ஏறு, ஏறித் தொலை என்று உமையாள் உள்ளுக்குள் அரற்றினாள். அவன் ஏறிப் போயிருந்தால் அவள் தடுத்திருக்க மாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. தூக்கிய கால் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மெதுவாகத் தரைக்கே திரும்பி வந்தது.

“நல்ல நாளும் அதுவுமா எங்கிட்ட வெளையாடுறியா? யாரு நீ?”

உமையாள் பையிலிருந்து ஈரத்துணியை எடுத்தாள்.

“ஏய்! சந்தனத்துல கைய வைக்காத. சாமி குத்தம்!”

“எனக்கு உத்தரகோசமங்க பக்கம்யா. சந்தனம் என்னைக்குக் களையணும்னு எங்களுக்குத் தெரியும். ஒனக்கு இன்னைக்குத்தான் அந்த நாளு.”

ஒரே இழுப்பில் துடைத்தாள். பெயிண்டைத் திருப்புளி முனையால் கீறினாள். பட்டி பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிறகு திருப்புளியின் பிடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். சேசிஸ் குழாய்க்குள் திருப்புளி பிடி வரைக்கும் இறங்கியது. வெளியே உருவியதும் துரு அவல் அவலாகக் கொட்டி பின்சக்கரத்து எலுமிச்சம்பழத்தை மூடியது.

“சோணைமுத்து பொண்டாட்டி நான். பாத்து வாங்கணும்னு சொன்னேல்ல? பாத்துட்டேன்.”

இப்போதுதான் அவன் முகத்தில் அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். “அந்தக் கறுப்பு வண்டிய சும்மாவே எடுத்துட்டுப் போத்தா. நல்ல வண்டின்னு நீயே சொன்ன. வாய மூடிக்கிட்டுப் போயிரு.”

உமையாள் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள். “வண்டிய எடுத்துட்டுப் போயி? எம்புருசன் எந்தக் காலால பிரேக்க மிதிப்பாரு?”

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. முதலில் ஒரு கிழவி, “சாமி, மன்னிச்சுக்க” என்று முணுமுணுத்தபடி தன் மகன் பேசி வைத்திருந்த வண்டியின் சீட்டுக்கு அடியில் இருந்த பொட்டை முந்தானையால் துடைத்தாள். அப்புறம் ஆளாளுக்குத் துடைத்தார்கள். பத்தொன்பது வண்டிகளில் ஆறில் திருப்புளி இறங்கியது. உமையாளின் திருப்புளி கை மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்தார்கள். அன்றைக்கு ஒரு வண்டியும் விலை போகவில்லை, உமையாள் நல்லதென்று சொன்ன கறுப்பு வண்டி உட்பட. ரூபஸ் கையைக் கழுவிவிட்டு, சம்பளம்கூடக் கேட்காமல் பாம்பன் பஸ் பிடிக்கப் போய்விட்டான்.

உமையாள் வீடு திரும்பியபோது சோணைமுத்து கட்டிலில் சாய்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தான். வீடியோ அவளுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. மூன்று தடவை பார்த்துவிட்டானாம். ஊன்றுகோலை நகர்த்தி அவளுக்கு உட்கார இடம் கொடுத்தான்.

“நாறடிச்சுட்டியேடி அவன. இப்ப மனசு ஆறுச்சா?”

உமையாள் துணியை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். மூன்று தண்ணீர் மாற்றியும் சந்தன வாசம் போகவில்லை.

“எங்கிட்டு ஆறும்? நான் கெளம்பி வரையிலயும் அவன் ரெண்டு கால்லதானே நின்னுக்கிட்டு இருந்தான்.”