கரடி முன்னால் மட்டும் வெடிக்காத துப்பாக்கி

டிக்.

அவதாக் விசையை இழுத்தபோது கேட்டது அந்த ஒரு சத்தம்தான். வெடிக்கவில்லை. தோளில் உதைப்பு இல்லை. நாற்பதடி தூரத்தில் நின்ற பனிக்கரடி தலையைச் சற்றுச் சாய்த்து, இவ்வளவுதானா என்பதுபோல் அவனைப் பார்த்தது.

"நாய்ங்கள விடு!" என்று கத்தினான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவன் மனைவி துக்குமெக் கயிற்றை அறுத்துவிட்டிருந்தாள். மூன்று நாய்கள் பாய்ந்தன. செம்பட்டை நிறத்துத் தலைவன் நாய் கஜோக், கரடியின் பின்னங்காலைக் குறிவைக்க, மற்ற இரண்டும் முன்னால் நின்று குரைத்தன. கரடிக்கு எரிச்சல்தான், பயமில்லை. இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து, பனிமலைக்குப் பின்னால் மறைந்தது.

விலா எலும்புகள் தெரிய மெலிந்த கரடி. கூடாரத்தருகே மூன்று நாளாகப் பிடித்துக் குவித்த ஹாலிபட் மீன் கிடக்கிறது. நாய்களுக்கான வால்ரஸ் இறைச்சி வேறு. அந்த வாசனையை விட்டுவிட்டு அது போய்விடும் என்று நம்புவதற்கு அவதாக் நேற்றுப் பிறந்தவன் அல்ல.

நாய்களைப் பனிவண்டியில் பூட்டிக்கொண்டு ஊருக்கு ஓடிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. காலையில் அடியில் கடல் வற்றியதில், அவர்கள் நின்ற உறைகடலின் பனித்தரை பின்பக்கம் பிளந்து, நாலு ஆள் அகலத்துக்குக் கருந்தண்ணீர் தெரிந்தது. மாலையில் நீர் ஏறினால் மூடிக்கொள்ளும். அதுவரை அவர்கள் இருவர், பதினோரு நாய்கள், ஒரு துப்பாக்கி, ஏழு தோட்டா.

அந்தத் துப்பாக்கிதான் இப்போது ஊமையாகிவிட்டது.

அரை நிமிடம் குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே நின்றான். தோட்டா சில சமயம் தாமதமாக வெடிக்கும். வெடிக்கவில்லை. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டை இழுத்து, அதை வெளியே எடுத்தான். தோட்டாவின் அடியில் இருந்த பித்தளைப் பொட்டில், துப்பாக்கியின் சுடும் ஊசி குத்திய தடம் இருந்தது. ஆனால் மேலோட்டமாக, கொசு கடித்த மாதிரி.

"குத்தியிருக்கு, ஆழமா குத்தல," என்றான்.

"தோட்டா பழசா?"

"பாத்துடலாம்."

கையுறையைக் கழற்றினான். அதே தோட்டாவைப் போட்டு, போல்ட்டைத் தள்ளி, அதன் கைப்பிடியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி இறக்கினான். தூரத்துப் பனிக்கட்டியைக் குறிபார்த்து இழுத்தான்.

டமார்!

கட்டி நொறுங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோட்டாவில் குறையில்லை. ஆறு பாக்கி.

துக்குமெக் வயர்லெஸ்ஸை எடுத்தாள். ஊரிலிருந்து அவள் அண்ணன் ஓட்டோவின் குரல் கரகரத்தது. படகு என்ஜின் முதல் பள்ளிக்கூடக் கடிகாரம் வரை பிரித்துப் பூட்டுகிறவன். அதைவிட முக்கியமாக, தன்னைத் தவிர யாருக்கும் எதையும் பிரிக்கத் தெரியாது என்று நம்புகிறவன்.

"எண்ணெய்தான், மாப்ள! இந்தக் குளிர்ல எண்ணெய் பாகு மாதிரி இறுகிப்போயிருக்கும். ஊசி எப்படி ஓடும்? தேன்ல விழுந்த ஈ மாதிரி நெளியும்."

"எண்ணெயே போடல மச்சான்."

"துப்பாக்கிய கூடாரத்துக்குள்ள கொண்டுபோனியா? கதகதப்புல வேர்த்து, வெளிய வந்ததும் உள்ள பனி கட்டியிருக்கும்."

"நான் என்ன டென்மார்க்குலேர்ந்து போன வாரம் வந்த டூரிஸ்டா? துப்பாக்கி வெளியதான் தூங்குது. நாய்ங்களோட."

"அப்போ நீயும் அங்கயே தூங்கியிருக்கணும். சரி, துப்பாக்கில புதுசா ஏதாவது மாத்தினியா? குழல், தூரக்கண்ணாடி, எதாச்சும்?"

அவதாக் ஒரு கணம் தயங்கினான். பார்வை துப்பாக்கியின் கழுத்தில் போய் நின்று திரும்பியது. "ஒண்ணும் மாத்தல."

"அப்போ எண்ணெய்தான். போல்ட்டைக் கழட்டி, ஸ்டவ் எண்ணெய்ல கழுவி, சுத்தமா தொடைச்சு மாட்டு. நான் கிளம்புறேன். வந்துசேர ஆறு மணி நேரமாகும். அதுவரைக்கும் கரடிகிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டிரு. எங்க எல்லாரையும் அறுக்கிற மாதிரி அதையும் அறு."

அவதாக் வண்டியின் மேலேயே உட்கார்ந்து போல்ட்டைப் பிரித்தான். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரிக் குளிரில் வெறும் விரல்களால் இரும்பைத் தொடுவது சாதாரணமல்ல. பத்து எண்ணுவதற்குள் விரல் மரத்துவிடும். துக்குமெக் அவன் கைகளை மாறி மாறித் தன் அங்கிக்குள் வாங்கிச் சூடேற்றிக் கொடுத்தாள். ஊசியின் முனை உடையவில்லை, தேயவில்லை. சுருள்வில் சுள்ளென்று எகிறியது. உள்ளே பனியும் இல்லை, அழுக்கும் இல்லை. இருந்தாலும் கழுவித் துடைத்து மாட்டினான். கைப்பிடியை உள்ளங்கையால் தட்டி இறக்கி, இன்னொரு கட்டியைச் சுட்டான்.

டமார்!

"எண்ணெய்தான் போல," என்றான், நிம்மதியாக.

 துக்குமெக்குக்கு ஏதோ இடித்தது.

மூச்சு வாங்குவதற்குள் நாய்கள் எழுந்து நின்றன. பனிமலையின் மறுபக்கமாகச் சுற்றி வந்திருந்தது கரடி. இந்தமுறை நடக்கவில்லை, ஓடிவந்தது. அவதாக் கையுறையோடு போல்ட்டை இழுத்துத் தள்ளி, தோளில் வைத்து, அதன் மூக்குக்கு முன்னால் இருந்த பனியைக் குறிபார்த்தான். இந்த ஆண்டுக்கான கரடி வேட்டை உரிமம் ஊரில் தீர்ந்துவிட்டது. பனியைத் தெறிக்கவிட்டு விரட்டுவதுதான் எண்ணம். நிற்கவில்லை என்றால் அடுத்தது நெஞ்சில்.

டிக்.

கஜோக் குறுக்கே பாய்ந்தது. கரடி வீசிய ஓர் அறையில் நாய் பத்தடி உருண்டு போய் விழுந்தது. எழுந்தது. நொண்டிக்கொண்டே மறுபடி போய்க் குரைத்தது. துக்குமெக் வெறும் பாத்திரத்தைக் கரண்டியால் அடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள். கரடி ஒரு மீனைக் கவ்விக்கொண்டு பனிமலைக்குப் பின்னால் போனது.

ஒரு மீன். அதைத் தின்று முடிக்க எவ்வளவு நேரமாகும்?

அவதாக்கின் முகம் வெளிறியிருந்தது. மூன்று வருடமாக அந்தப் பகுதியில் குறி தவறாதவன் என்று பெயர் வாங்கியவன். "மறுபடியும் கழுவறேன்," என்றான்.

"வை அதை."

"துக்குமெக், நேரமில்ல."

"நேரமில்லன்னுதான் சொல்றேன். உக்காரு. ரெண்டு தடவ சோதிச்சுப் பாத்த, ரெண்டு தடவயும் வெடிச்சுது. ரெண்டு தடவ கரடி வந்துது, ரெண்டு தடவயும் வெடிக்கல. எண்ணெய்க்குக் கரடி வர்றது தெரியுமா?"

அவன் துப்பாக்கியோடு உட்கார்ந்தான்.

"கரடி வரும்போது செஞ்ச எதையோ சோதிக்கும்போது நீ செய்யல. இல்லன்னா, சோதிக்கும்போது செஞ்சத அப்போ செய்யல. காலித் தோட்டாவப் போடு. கையுறைய மாட்டு. கரடி ஓடியாருதுன்னு நெனச்சுக்கிட்டு, அப்ப செஞ்ச மாதிரியே செய்."

"நீ என்ன பண்ணப்போற?"

"பாக்கப்போறேன். உன் கண்ணு தூரக்கண்ணாடிக்குள்ள இருக்கு. துப்பாக்கிய யாரு பாத்தா?"

 ஊரில் முப்பது பேர் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். சுடும்போது துப்பாக்கியைப் பார்க்கவேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அவள் பக்கத்தில் மண்டியிட்டு, போல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டாள். அறுநூறு மீட்டர் ஆழத்தில் ஒரு மீன் தூண்டிலை முகர்ந்தால்கூட மேலே கயிற்றின் நடுக்கத்தில் கண்டுபிடிக்கிற கண். அந்தக் கண்ணுக்காகவே பக்கத்து ஊர்க்காரர்கள் அவளைத் பனியில் தாங்கள் வெட்டிய மீன் துளைக்கு அழைத்துப்போவதுண்டு.

அவசரமாகத் தள்ளினான். இறக்கினான். இழுத்தான்.

டிக்.

"இன்னொரு தடவ."

டிக்.

"இன்னும் ஒரே ஒரு தடவ." இந்தமுறை இமைக்கவே இல்லை.

டிக்.

"கைப்பிடி விழுது," என்றாள்.

"என்ன?"

"விசைய இழுக்கறப்போ கைப்பிடி கீழ விழுது. ஒரு அரிசி அளவுதான். நீ இறக்கும்போது முழுசா இறங்கல. சுருள்வில் பாதி பலத்தக் கைப்பிடிய இறக்கறதுக்கே செலவு பண்ணிடுது. மிச்சத்துலதான் ஊசி குத்துது."

கொசுக்கடி. அவதாக்குக்கு எல்லாம் சட்டென்று கூடிவந்தது. சோதிக்கும்போது கையுறை இல்லை, நிதானமாக உள்ளங்கையால் தட்டினான், முழுசாக இறங்கியது. கரடி முன்னால் தட்டவில்லை.

அவள் விரல் அதற்குள் கைப்பிடிக்கு அடியில் நுழைந்துவிட்டது. அங்கே இருந்தது, துப்பாக்கியின் கழுத்தைச் சுற்றி அவளே தைத்துப்போட்ட சீல் தோல் உறை. போன குளிர்காலத்தில் உறைந்த இரும்பில் அவன் கன்னம் ஒட்டிக்கொண்டு, தோல் பிய்ந்து வந்தது. அந்தத் தழும்பைப் பார்க்கப் பொறுக்காமல் மூன்று நாள் உட்கார்ந்து தைத்தது. வீட்டில் பஞ்சு மாதிரி மெத்தென்றிருந்தது. இங்கே மீன் தண்ணீர் தெறித்து உறைந்து, பலகை மாதிரி விறைத்து, கைப்பிடியை முழுசாக இறங்கவிடாமல் தாங்கி நின்றது.

"அது இல்ல," என்றான் அவதாக் வேகமாக.

"ஏன் இல்ல?"

"அது நீ தெச்சது."

துக்குமெக் அவனை உற்றுப் பார்த்தாள். கயிற்றைப் பார்க்கிற அதே பார்வை. "உனக்குத் தெரியும்."

அவன் பனியைப் பார்த்தான். "மொத நாள்லேர்ந்தே கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துது. தட்டினா இறங்கிடும். அதான் தட்டிக்கிட்டே..."

"ஏன்டா சொல்லல?"

"நீ அவ்வளவு ஆசையா..."

"உயிர் போற எடத்துல எங்கிட்ட மரியாத காட்டுறியா? ஓட்டோ அண்ணன் 'எதாச்சும் மாத்தினியா'ன்னு கேட்டப்ப, 'ஒண்ணும் மாத்தல'ன்னு வாய் கூசாம சொன்னியே!"

சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து பிறைக்கத்தியை எடுத்தாள். அவன் தடுக்கக் கையை நீட்டினான். அவள் பார்வையில் கை தானாகத் திரும்பிவிட்டது. இரண்டே வெட்டு. கைப்பிடி உட்காரும் இடத்தில் மட்டும் பிறைத்துண்டு ஒன்று விழுந்தது. கன்னம் படுகிற இடத்தைத் தொடவில்லை. வருத்தமோ பெருமூச்சோ இல்லை. மீனுக்குச் செதில் எடுக்கிற மாதிரி ஒரு வேலை, அவ்வளவுதான்.

அவளைத் தவிர வேறு யாராக இருந்தாலும், தன் கையால் செய்த பொருளைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

நாய்கள் உறுமின.

சோதித்துப் பார்க்க நேரமில்லை. கரடி நேராக வந்தது. மீன் பசியைக் கிளப்பிவிட்டிருந்தது. முப்பதடி. அவதாக் கையுறையோடு போல்ட்டைத் தள்ளி இறக்கினான். 'களுக்' என்று ஒரு சத்தம். பல மாதமாகக் கேட்காத சத்தம்.

"உக்காந்துடுச்சு," என்றாள் காதருகே. அவள் கரடியைப் பார்க்கவே இல்லை. கைப்பிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டமார்!

கரடியின் முகத்துக்கு முன்னால் பனி வெடித்துச் சிதறியது. கரடி தடுமாறி நின்றது. ஆனால் திரும்பவில்லை. ஓர் அடி முன்னால் வைத்தது.

இழு, தள்ளு, இறக்கு. களுக்.

"உக்காந்துடுச்சு."

டமார்!

பனித்துண்டுகள் மூக்கில் அடித்தன. கரடி ஒரே சுழலாகச் சுழன்று, பக்கவாட்டில் ஓடி, பிளவில் இருந்த கருந்தண்ணீரில் பாய்ந்து, மறுகரை ஏறி, திரும்பிப் பார்க்காமல் ஓடியது. புள்ளியாகித் தேயும்வரை அவதாக் குழலை இறக்கவில்லை.

வயர்லெஸ் கரகரத்தது. "மாப்ள! வெடிச்சுதா? எண்ணெய்தானே? நான்தான் சொன்னேனே!"

அவதாக் வாங்கிப் பேசினான். "எண்ணெய் இல்ல மச்சான். உன் தங்கச்சி கண்டுபிடிச்சா. நீயும் நானும் இன்னும் பத்து வருஷம் கழுவிக்கிட்டே இருந்திருப்போம்."

 "அவ சின்ன வயசுலேயே அப்படித்தான்" என்று வண்டிச் சத்தத்துக்கு நடுவே முனகிவிட்டு ஓட்டோ அணைத்துவிட்டான்.

துக்குமெக் கஜோக்கின் தோளைத் தடவி, எலும்பு முறியவில்லை என்று பார்த்தாள். பிறகு அவதாக்கின் முன்னால் வந்து நின்றாள்.

"இனிமே நான் தெச்சது எதாவது சரியில்லன்னா, அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லணும். புரியுதா?"

"புரியுது."

"அப்படி வேற ஏதாவது இருக்கா?"

அவன் நெடுநேரம் யோசித்தான். கரடி முன்னால்கூட அவ்வளவு யோசித்ததில்லை.

"இடது கால் பூட்ஸ்," என்றான் மெதுவாக. "கொஞ்சம் கடிக்குது."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."