விரிப்புக்குக் கீழே மூன்று நீர்மூழ்கிகள்

“தலைப்பக்கம் நீ பிடி. மெல்ல,” என்றாள் அம்மா சிவகொழுந்து.

கமலேஸ்வரி அப்பாவின் தோள்களுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினாள். விடியற்காலை அடங்கிய உடம்பு, கனத்தது. அந்த இடைவெளிக்குள் அம்மா துறைமுக வரைபடத்தையும் கடற்படைத் தொப்பி நாடாக்களையும் சுவரிலிருந்து கழற்றிய நீர்மூழ்கிப் படங்களையும் தள்ளி விரிப்பை இழுத்து மூடினாள். மெத்தைக்கு அடியில் வைக்க முடியாது. கம்பிவலைக் கட்டில், குனிந்தால் தெரியும்.

வீட்டில் நேர்ந்த சாவு. இந்த வளைகுடா நாட்டில் பொலிஸ் வந்து பார்த்து எழுதினால்தான் எரிக்க விடுவார்கள். பக்கத்து ஃப்ளாட் பத்மநாதன் பொலிஸுக்குப் போன் பண்ணிவிட்டு வந்து வாசலிலேயே நின்றார்.

“புஜைராக் கடலிலை கண்ணிவெடி மிதக்குதெண்டு பேப்பர் முழுக்கக் கிடக்கு. யாழ்ப்பாணத்தான்ரை வீட்டிலை நீர்மூழ்கிப் படம் கண்டா விடுவாங்களே? உங்கடை அப்பரைப் பிணவறையிலை பூட்டிப்போட்டு உங்களை ஊருக்கு ஏத்திவிடுவாங்கள், பிள்ளை.”

“எந்த ஊருக்கு மாமா? ஷெல் விழுற ஊருக்கோ?”

அப்பா நவரத்தினம் இரண்டாம் உலக யுத்தகாலத்தில் திருகோணமலையில் வெள்ளைக்காரனின் நீர்மூழ்கிகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி ஏற்றியவர். சில திரும்பவில்லை. நாற்பது வருஷமாக அவருக்கு அது ஆறவில்லை. இங்கிலாந்தின் கிழட்டு மாலுமிகளுக்கெல்லாம் கடிதம் எழுதிப் படங்களையும் நாடாக்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் மேசையில் பரப்பி மகளைக் கூப்பிட்டு உட்காரவைப்பார். குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். அவள் படித்தது என்ன பாடம் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. எந்த நீர்மூழ்கி எந்த மாதம் போனது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். செத்தவரைத் தூக்கிப் பிடித்திருக்கும்போதும் கமலேஸ்வரிக்கு அந்த எரிச்சல் தீரவில்லை.

பொலிஸ் அதிகாரி இளைஞர். பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தார். சுவரில் வெளுத்திருந்த சதுரங்களைப் பார்த்தார்.

“இங்கே என்ன இருந்தது?” ஆங்கிலத்தில் கேட்டார்.

“சாமிப் படங்கள்.”

அவர் எழுதவில்லை. அவளையே பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்துக் கையசைத்தார். ஸ்ட்ரெச்சரோடு இருவர் வந்தார்கள். ஒருவன் விரிப்பின் தலைப்பக்க நுனியைப் பிடித்தான், மற்றவன் கால்பக்கம். “யல்லா,” என்றார் அதிகாரி, தூக்கச் சொல்லி.

விரிப்போடுதான் தூக்குவார்கள். அது தாய்க்கும் மகளுக்கும் முன்பே தோன்றவில்லை.

“நில்லுங்கோ!” கமலேஸ்வரி அப்பாவின் முதுகுக்கு அடியில் கையை விட்டு எல்லாவற்றையும் இழுத்தெடுத்து அதிகாரி முன்னால் போட்டாள்.

“ஷு ஹாதா?” என்ன இது?

“போச்சு,” என்று முனகினார் பத்மநாதன்.

“போரில் தொலைந்த நீர்மூழ்கிகள். அப்பா சேர்த்தது.”

அதிகாரி ஒரு படத்தை எடுத்தார். “இது?”

“ஸ்டோன்ஹெஞ்ச். நாற்பத்துநாலு பெப்ரவரி புறப்பட்டது. வரவில்லை.”

“இது?”

“ஸ்ட்ராடஜெம். அதே வருஷம் நவம்பர்.”

“இது என்ன வேலை செய்தது?”

பொய் சொல்லலாம்.

“போர்பாய்ஸ். கடலில் கண்ணிவெடி போட்டது.” அதிகாரி நிமிர்ந்தார். “நாற்பத்தைந்து ஜனவரி. அதற்குப் பிறகு... சேதி இல்லை.”

வெள்ளிக்கிழமைகளில் ‘சேதி இல்லை’ என்பதற்கு முன்னால் அப்பா விடுகிற இடைவெளி அவள் வாயிலும் விழுந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா கடற்படையா?”

“இல்லை. அவர்களுக்குச் சாப்பாடு ஏற்றினார்.”

“ஏன் மறைத்தீர்கள்?”

“பயம்.”

அவர் நவரத்தினத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். படங்களைத் திருப்பிக் கொடுத்தார். வரைபடத்தை மட்டும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “எரித்துக்கொள்ளலாம். நாளைக் காலை பாஸ்போர்ட்டோடு ஸ்டேஷனுக்கு வாங்க.”

லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுத்தபடி போகவில்லை. வாரால் கட்டி நிமிர்த்தி நிறுத்தினார்கள். அப்பா முன்னால் சரியாமலிருக்க அவர் நெஞ்சில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு கமலேஸ்வரியும் ஒடுங்கி நின்றாள். கதவுக்கு மேலே எண்கள் எரிந்து அணைந்தன. நாலு. மூன்று.

இரண்டில் நின்றது. கதவு திறந்தது. தக்காளிப் பையோடு நின்ற பெண் நிமிர்ந்து நிற்கும் அப்பாவைப் பார்த்தாள். ஓரடி பின்னால் போனாள்.

கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் நீர்மூழ்கி போல மறுபடி இறங்கியது.