இறுக்கிய திருகாணி

சுவர் அறுக்கும் ஹைட்ராலிக் ரம்பத்தில் எஞ்சின் கிடையாது. அது சற்றுத் தள்ளி ஒரு பெட்டிக்குள் உறுமிக்கொண்டிருக்கும். எஞ்சின் பம்பைச் சுழற்ற, பம்ப் எண்ணெயை ஹோஸ் குழாய் வழியாகத் தள்ள, அந்த எண்ணெயின் விசையில்தான் ரம்பத்தின் மோட்டாரும் தகடும் சுற்றும். தகடு இரும்புக் கம்பியில் சிக்கிக்கொண்டால் எண்ணெய் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும். உடனே ஒரு வால்வு திறந்து, எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும். தகடு நிற்கும். ஆபத்தில்லை, வேலைதான் இழுத்துக்கொண்டு போகும்.

அன்றைய சுவர் முழுக்கக் கம்பி. ரம்பம் நின்று நின்று உயிரை வாங்கியது. பெட்டியருகே இருந்த மெக்கானிக்குக்குப் பொறுமை போய்விட்டது. ரம்பத்தைப் பிடித்திருந்த தங்கை புருஷனிடம்கூடச் சொல்லாமல், வால்வு சுலபத்தில் திறக்காதபடி அதன் திருகாணியை நன்றாக இறுக்கிவிட்டான்.

"இப்பதான் மச்சான் இதுக்கு உயிரே வந்திருக்கு!" என்று ரம்பத்தைப் பிடித்திருந்த மாப்பிள்ளை உற்சாகமாகக் கத்தினான்.

சற்று நேரத்தில் ஹோஸ் வெடித்தது. சுடுகிற எண்ணெய் மாப்பிள்ளையின் முன்கையில் பீய்ச்சி அடித்தது. மெக்கானிக் எஞ்சினை அணைத்துவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஹோஸ் பழசு என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அழுத்தம் ஏறித்தான் அது வெடித்தது என்று மெக்கானிக்குக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தங்கை மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் பக்கத்துல இல்லன்னா என்ன ஆயிருக்கும்ணா?"

அந்த நன்றியைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "நான்தாம்மா வால்வ இறுக்குனேன். மாப்ளகிட்ட சொல்லக்கூட இல்ல" என்றான்.

அவள் கையை விட்டுவிட்டாள். கட்டிலில் இருந்தவன் அவனை வெறித்துப் பார்த்தான். பிறகு திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"திரும்பத் தளர்த்திட்டீங்களா மச்சான்?"

மெக்கானிக் தளர்த்தவில்லை. புது ஹோஸ் மாட்டி, இந்நேரம் வேறொருவன் அதே ரம்பத்தோடு நின்றிருப்பான். உடனே மேஸ்திரிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, எஞ்சின ஆஃப் பண்ணுங்க! வால்வுல கைய வச்சது நான்தான். முதல்ல ஆஃப் பண்ணுங்கண்ணே!"

எஞ்சின் சத்தம் அடங்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு வந்த வசவுகளையும் முழுக்கக் கேட்டுக்கொண்டான். இனி அந்தப் பெட்டிப் பக்கமே வராதே என்று மேஸ்திரி முடித்தார்.

மாப்பிள்ளை வீடு திரும்பியபின் மெக்கானிக் தினமும் காலையில் போய் அவனைக் குளிக்கவைத்து, சட்டை போட்டுவிட்டான். தங்கை கதவைத் திறப்பாள், பேசாமல் உள்ளே போய்விடுவாள்.

"அவ பேசுவா மச்சான். கொஞ்ச நாள் ஆகும்" என்றான் மாப்பிள்ளை.

"உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"இருக்கு" என்றான் அவன். "அந்தக் கைய மெதுவா சட்டைக்குள்ள விடுங்க, வலிக்குது."