மிச்சமிருந்த ஒரு கண்

என் வீட்டுக்காரர் சேக் பரீதுவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு கண். நாலு வருஷத்துக்கு முன்னால் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். சீழ் பிடித்து அந்தக் கண் போய்விட்டது. நஸீபு, தலைவிதி என்று தெருவே சொன்னது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

1962-ல் வலது கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சகாயசெல்வி கறாராகச் சொன்னாள்.

"சோப்புப் போட்டுக் கை கழுவாம கண்ணுக் கட்டுக்கிட்டப் போகாதீங்க. மருந்தத் தவிர ஒரு சொட்டு எதுவும் கண்ணுல படக்கூடாது."

அவருக்குத் தோல் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. இந்தக் கண்ணும் போனால் மனுஷன் உயிரோடு இருந்தும் பிரயோஜனமில்லை என்பார். நான் ராட்சசியாகிவிட்டேன். துணியை வேகவைத்தேன். பார்க்க வந்தவர்களை வாசலோடு அனுப்பினேன். தொழுகைக்கு முன்னால் முகம் கை கால் கழுவி ஒளூ செய்யத் தண்ணீர் கேட்டார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பி, முகம் கழுவ வேண்டாம் என்று அனுமதி வாங்கினேன். தூக்கத்தில் கண்ணைக் கசக்கிவிடக் கூடாதே என்று, படுக்கும்போது இரண்டு கையையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன்.

ஆறாம் நாள் காலை அவருடைய அக்கா குர்ஷித் மைனி வந்தார். கையில் பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடை. அதில் அவர் மருமகளுடைய தாய்ப்பால்.

"தம்பிக்குக் கண்ணு உறுத்துதாமே. ரெண்டு சொட்டு விட்டா குளுந்துரும்."

"வேணாம் மைனி."

"என்னடி பெரிய டாக்டரு நீ? காலங்காலமா விடுறதுதானே? தள்ளு."

நான் கட்டிலை மறித்து நின்றேன். மைனி என் தோளைப் பிடித்து விலக்கினார். இனி மறைத்துப் பயனில்லை.

"நானும் விட்டேன் மைனி. அந்த எடது கண்ணுல. நம்ம மகளோட பாலு. அவரு தூங்குறாருன்னு நெனச்சு, கட்ட அவுத்து விட்டேன். அந்தக் கண்ணக் கெடுத்த பாவி நாந்தான்."

மைனி என் தோளை விட்டார். நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை என் வீட்டுக்காரர் காதில் விழவே போட்டுவிட்டேன்.

கட்டிலிலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"அன்னைக்கு நான் தூங்கல, ஜெய்தூனு. குளுகுளுன்னு இருந்துச்சு. நானும் வேணாம்னு சொல்லலயே." கொஞ்சம் நிறுத்தி, "அக்கா, அதக் கொண்டு போயிரு" என்றார்.

மைனி போனதும் அவர் இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினார்.

"கட்டு. செத்த நேரம் படுக்குறேன்."

அவர் உதடு துடித்தது. எனக்குப் பதறிவிட்டது.

"அழுகாதீங்க. கட்டு நனைஞ்சிரும்" என்றேன்.

அவருக்கும் சேர்த்து நானே அழுதேன். அப்புறம் எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, அவர் கையைக் கட்டினேன்.