எலியேசர் புல்வெட்டும் வண்டி பார்த்த கதை

1.

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சத்தியம் செய்வதற்கு என்னிடம் மிச்சமிருப்பவை நான்கு பற்களும் ஒரு சைக்கிளும். சைக்கிளுக்குச் செயின் கிடையாது. ஆகவே பற்களின் மேல் சத்தியம். நீங்கள் படித்து முடிப்பதற்குள் அவை விழுந்துவிட்டால் அதற்கு வயதுதான் காரணம் என்று கொள்ளவும்.

கதை கிடைத்த இடத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1993-ஆம் வருஷம், ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் போகும் டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த எலியேசர் என்பவர் சொன்னது. அவர் சொன்னதை அப்படியே எழுதினால் ஒரு பக்கம் வரும். உங்கள் கையில் இருப்பது அதைவிட நீளம். மிச்சம் என்னுடையது. அதுவும் சத்தியம்.

2.

முதல் ஆரம்பம்: "மலையில் மேகம் இறங்கியிருந்த ஒரு காலையில் எலியேசர் தன் அரிவாளைத் தீட்டிக்கொண்டு..."

விட்டுவிட்டேன். அரிவாளைத் தீட்டினால் நம் மாவட்டத்து வாசகர் அடுத்த வரியில் ஒரு தலையை எதிர்பார்ப்பார். எலியேசர் தீட்டியது புல்லறுக்க.

இரண்டாவது ஆரம்பம்: "இந்தியப் பொருளாதாரம் தன் கதவைத் திறந்துவிட்டபோது..."

இது கட்டுரை. கதவுக்குப் பின்னால் ஆளே இல்லை.

மூன்றாவது: "பேண்டேஜ் துணி ஆலை முதலாளி வைகுண்டராஜ் வீட்டு முன்னால் முப்பது சென்ட் புல்வெளி இருந்தது." இது போதும். ஆள், தொழில், புல் மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன. இனி வேலையாளைக் கொண்டுவர வேண்டியதுதான்.

3.

அந்த முப்பது சென்டையும் அரிவாளால் அறுத்துவந்தவர் எலியேசர். கிழக்கு ஓரத்தில் ஆரம்பித்து மேற்கு ஓரத்தை எட்டும்போது கிழக்கே மறுபடி முளைத்திருக்கும். பதினோரு வருஷமாக அவர் அந்தப் புல்லை முடித்ததில்லை. அறுத்ததைக் கட்டாகக் கட்டிச் சோழபுரம் கொண்டுபோவார். வீட்டில் இரண்டு பசுமாடுகள். அவை அந்தப் புல்லைத் தின்று கறந்த பாலில் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. புல் நின்றால் மாடு நிற்காது, மாடு போனால் வீட்டில் ஒன்றும் நிற்காது. அவருக்கு இதுதான் பயம், கதைக்கும் இதுதான் விஷயம்.

(முதல் வரைவில் எலியேசரை இந்த இடத்தில் அழவைத்திருந்தேன். பஸ்ஸில் பார்த்த மனிதர் அழுகிற சாதி இல்லை. டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் "எம்புட்டு நாளா இந்த ரூட்டுல வாரீய, இன்னும் நம்பிக்கை வரலையா?" என்று கேட்டவர். கண்ணீரை அடித்துவிட்டேன்.)

வைகுண்டராஜ் தம் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஞானதுரை வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தார். ஞானதுரை வீட்டிலும் புல்வெளி. அதை வெட்ட, உட்கார்ந்து ஓட்டும் ஒரு வண்டி. ஸ்டியரிங் வைத்தது. ஒரு தென்னையைச் சுற்றிவர அது மூன்று தடவை பின்வாங்கியது. பார்த்த வைகுண்டராஜுக்குச் சிரிப்பு வந்தது. சம்பந்தியாயிற்றே என்று அடக்கிக்கொண்டார். அடக்கிய சிரிப்பு வீடு வந்து சேர்வதற்குள் வைராக்கியமாகிவிட்டது. நின்ற இடத்திலேயே திரும்புகிற வண்டி வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது, அதற்கு ஜீரோ டர்ன் என்று பெயர் என்று மதுரையிலிருந்து விலைப்பட்டியல் புத்தகம் வந்தது. அதில் மூன்று வண்டிகள். நாற்பத்திரண்டு அங்குலம் வெட்டுவது ஒன்று, நாற்பத்தெட்டு ஒன்று, அறுபது ஒன்று.

"ஏலே எலியேசரு, புல்லு வெட்டுதவன் நீ. எது சரிப்படும்னு நீயே பாத்துச் சொல்லு" என்றார் முதலாளி.

"மிசினு வந்தா எனக்கு என்ன சோலி மொதலாளி?"

"அத வாங்குன பொறவு யோசிப்போம்."

இப்படியாக, தன் பிழைப்பை வெட்டப்போகும் வண்டியைத் தானே பொறுக்கும் வேலை எலியேசருக்கு வந்தது. (இங்கே தூக்குக்கயிறு பற்றி ஓர் உவமை இருந்தது. முப்பது சென்ட் புல்லுக்கு அது கனம் அதிகம்.)

4.

"அறுபதக் கைகாட்டிட்டு வந்துட்டேன் ஏட்டி" என்றார் எலியேசர், மாட்டுக்கொட்டிலில் நின்ற மனைவி ஜெயக்கொடியிடம். "அவிய வாசல் கேட்டு அகலம் நாலடி. வண்டி அஞ்சடி. எப்பிடி உள்ள வரும்?"

"ஆமா, பெரிய தந்திரம். கேட்ட இடிப்பாவ. இடிச்ச செங்கல்ல நீங்கதான் சொமக்கணும்."

எலியேசருக்கு இது தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வண்டி இன்னும் அகலமாக இருக்கவேண்டும் என்று ஜெபம் வேறு பண்ணியிருந்தார்.

"வெட்டுன புல்லு எங்க போவுதாம்?" என்றாள் ஜெயக்கொடி.

"பக்கவாட்டுல தூளாப் பறந்துருமாம்."

"அப்ப நம்ம மாடு ரெண்டும் பறந்து பறந்து திங்குமாக்கும். அகலத்த விடுங்க. புல்லு விழுத பை இருக்கான்னு கேளுங்க. பை இருந்தா மிசினு வந்தா நமக்கென்ன, நம்ம வேலைய அதுல்லா செய்யுது."

இந்தக் கதையில் யோசிக்கிற ஒரே ஆள் இவள்தான். இவளுக்கு இன்னும் நாலு பக்கம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடும்.

5.

மதுரையிலிருந்து விற்பனையாளர் தனுஷ்கோடி வந்தார். கழுத்தில் டை, கையில் கைக்குட்டை, கைக்குட்டையில் ராஜபாளையத்து வெயில் முழுவதும்.

"இருபது குதிரைச் சக்தி சார். அமெரிக்காவுல சின்ன வீட்டுக்காரங்களே இதத்தான் வச்சிருக்காங்க."

முதலாளியின் மனைவி தங்கபாய் படத்தை உற்றுப் பார்த்தார். "இம்புட்டுப் பெரிய வண்டியில ஒரே ஒரு சீட்டுதான் போட்டிருக்கான். நான் எங்க உக்கார?"

"அம்மா, இது புல்லு வெட்ட..."

"அவிய போற வண்டியில எனக்குச் சீட்டு இல்லன்னா அது என்ன குடும்பத்து வண்டி?"

தனுஷ்கோடி கைக்குட்டையைப் பிழிந்தார். இடையில் எலியேசர் தலையைச் சொறிந்துகொண்டு, "பை உண்டுமா சார்?" என்றார்.

தனுஷ்கோடியின் முகம் மலர்ந்தது. இதுவரை வந்த கேள்விகளில் வண்டி சம்பந்தப்பட்ட கேள்வி இதுதான். "உண்டு. தனியா வாங்கணும். சிங்கப்பூர்லேர்ந்து வரணும்."

வைகுண்டராஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வண்டி விலையைக் கேட்டபோது எழாதவர். "துணிப் பையா? சிங்கப்பூருலயா? எத்தன ஆஸ்பத்திரியில நம்ம துணியச் சுத்திப் படுத்துக் கெடக்கான் தெரியுமா? பேண்டேஜ் துணி போடுதவன் பை வாங்க சிங்கப்பூரு போனான்னு சம்பந்தி காதுல விழுந்தா நான் எங்க மூஞ்சிய வைக்க?"

"மொதலாளி, அது ஓட்ட ஓட்டயா இருக்குமே..." என்று எலியேசர் ஆரம்பித்தார்.

"காத்துப் போவணும்லே!"

ஆலையிலேயே பை தைக்கப்பட்டது. வெள்ளை வெளேரென்று, கொசுவலை போல, ஒரு யானையின் முழங்காலுக்குக் கட்டுப்போடும் அளவில்.

6.

ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் வாங்கலாம் என்று ஏற்பாடு. அறுபது அங்குல வண்டி லாரியில் வந்தது. கேட்டை இடித்தார்கள். செங்கல்லை எலியேசர் சுமந்தார். வேடிக்கை பார்க்க ஞானதுரை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். பின்னால் நின்றால்தான் நன்றாகத் தெரியும் என்று வைகுண்டராஜே அவரைப் பைக்குப் பின்னால் நிறுத்தினார்.

வண்டிக்கு ஸ்டியரிங் இல்லை. இரண்டு கைக்கும் இரண்டு கம்பிகள். வைகுண்டராஜ் ஏறி உட்கார்ந்து, ஒரு கம்பியை முன்னே தள்ளி மற்றதைப் பின்னே இழுத்தார். வண்டி சொன்னதைச் செய்தது. நின்ற இடத்திலேயே சுற்றியது. பிறகும் சுற்றியது. முதலாளி தம் வீட்டை நாற்பது தடவை பார்த்தார்.

(இந்த இடத்தில், சுற்றிய வேகத்தில் வண்டி பூமிக்குள் இறங்கிப் பன்னிரண்டடியில் தண்ணீர் வந்ததாக எழுதியிருந்தேன். வாசகர் நம்பமாட்டார் என்று எடுத்துவிட்டேன். தண்ணீர் உப்பு என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.)

தனுஷ்கோடி பாய்ந்து இஞ்சினை நிறுத்தினார். அதற்குள் பேண்டேஜ் பை தன் குணத்தைக் காட்டியிருந்தது. உள்ளே ஒரு புல்கூட நிற்கவில்லை. எல்லாம் மாவாகச் சலித்து வெளியே வந்து ஞானதுரையின் மேல் படிந்திருந்தது. தலை முதல் செருப்பு வரை இளம்பச்சை.

ஞானதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்ணெடுக்கிற வீடு என்பதால் மரியாதையாகவே கேட்டார்: "நல்லாத் திரும்புது சம்பந்தி. நேராப் போவுமா?"

அந்த ஒரு கேள்வியில் வைகுண்டராஜின் மானம் மொத்தமும் எலியேசரின் தலைக்கு மாறியது.

"ஏறுலே. நேரா ஓட்டிக் காட்டு. காட்டுனா நீ இந்த வீட்டு டிரைவரு. இல்லன்னா வண்டி மதுரைக்குப் போவட்டும், நீ சோழபுரத்துலயே இருந்துக்கோ."

எலியேசர் ஏறினார். இரண்டு கம்பிகளையும் பிடித்தார். பிடித்த மாத்திரத்தில் கைக்குப் புரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் பருத்தி வண்டி ஓட்டியவர். இடத்து மாட்டை இழுத்துப் பிடித்து வலத்து மாட்டைத் தட்டிவிட்டால் மாட்டுவண்டி நின்ற இடத்தில் திரும்பும். இரண்டுக்கும் கயிற்றைச் சமமாக விட்டால் நேரே போகும். இருபது குதிரை என்றான் மதுரைக்காரன். இரண்டு மாடுதான்.

தெரிந்ததை முகத்தில் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். நேராக ஓட்டினால் வேலை இருக்கும். ஆனால் இந்தப் பையில் இனி ஒரு பிடிப் புல்லும் மிஞ்சாது. சுற்றவிட்டால் வண்டி போய்விடும், புல் இருக்கும். அறுக்க அவர் இருக்கமாட்டார்.

இடிந்த கேட்டருகே ஜெயக்கொடி நின்றாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத்தான் வந்திருக்கேன். அவசரமில்ல. யோசிச்சு ஓட்டுங்க!"

தனுஷ்கோடி இஞ்சினைப் போட்டார்.

7.

இந்த இடத்தில் சோழபுரம் ஸ்டாப் வந்துவிட்டது. எலியேசர் இறங்கிப் போய்விட்டார். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பொறவு என்ன ஆச்சு?" என்று கத்தினேன். "என்ன ஆவும்?" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

ஆகவே நானே எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: நூல் பிடித்த மாதிரி நேரே ஓட்டுகிறார். சம்பந்தி கைதட்டுகிறார். எலியேசருக்குக் காக்கிச் சட்டை. அடுத்த மாதம் மாட்டுச் சந்தையில் இரண்டு பசுக்களும்... எழுத முடியவில்லை. அந்த மாடுகளை எனக்குத் தெரியாது. இருந்தாலும் முடியவில்லை.

முடிவு இரண்டு: வேண்டுமென்றே சுற்றவிடுகிறார். வண்டி மதுரைக்கு, அவர் சோழபுரத்துக்கு. வேறொரு ஆள் அரிவாளோடு வருகிறான். அவன் வீட்டிலும் மாடு இருக்கிறது. இது நியாயம்தான், ஆனால் நியாயத்தைப் படிக்க நீங்கள் என்னிடம் வரவில்லை.

முடிவு மூன்று: நேரே ஓட்டுகிறார், நிறுத்தாமல். இடிந்த கேட்டு வழியே வெளியே போய், ஜெயக்கொடியையும் ஏற்றிக்கொண்டு (ஒரே சீட்டு, அவள் மடியில் உட்காரமாட்டாள், பையில் உட்கார்ந்தால் பேண்டேஜ் தாங்காது) ஆக, இதுவும் பாதியில் நிற்கிறது.

நான் விலகிக்கொள்கிறேன். அவர் கைகள் கம்பிகளின் மேல் இருக்கின்றன. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இஞ்சின் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது, பெட்ரோல் வீண். நேராகவா, சுற்றவா என்று நீங்கள் சொல்லிவிடுங்கள்.

முடிவு செய்ய உதவும் என்றால் ஒரு தகவல்: வைகுண்டராஜ் வீட்டு முன்னால் புல் முளைக்க இடமே கிடையாது. படி இறங்கினால் தென்காசி ரோடு.